சுவரைப் பார்த்த ரேடியோ

எங்கள் லயத்தில் இப்போது ஒரு ரேடியோ கூட இல்லை. இதைச் சொல்வதில் யாருக்கும் வெட்கம் வரவேண்டியதில்லை. ஆளுக்கு ஒரு போன் வைத்திருக்கிற காலத்தில் ரேடியோ எதற்கு? ஆனால் இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்குப் பல வருஷமாக வாய் வரவில்லை. ஒரே ஒருவரிடம்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் என் சித்தப்பா.

தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக அறைகள் உள்ள பணிய லயத்தில் இருக்கிறோம். அப்பா இருந்த அதே காம்பராதான். நான் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறேன். கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் காலையில் கொண்டுவந்து விடும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது. அந்தப் பிள்ளைகளோடு நாள் முழுக்கப் பேசுவேன். பெரிய ஆட்களோடு பேச எனக்கு வராது. வீட்டுக்காரர் கேலியாகச் சொல்வார், "ஒனக்குப் பல்லு முளைச்ச ஆளுகளக் கண்டா பயம்" என்று. போனில் மட்டும் கொஞ்சம் பரவாயில்லை. முகம் தெரியாதே.

அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து வாங்கிய ரேடியோ அது. இரண்டு பேரும் கல்யாணம் முடித்து, ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் இருந்த காலம். தவிட்டு நிறப் பெட்டி, முன்னால் துணி ஒட்டிய வலை, கீழே இரண்டு திருகு. ஒரு திருகின் தலையைச் சித்தப்பா உடைத்துவிட்டாராம். அப்பா அதற்குப் பதிலாகப் பசைப் போத்தல் மூடியைப் பொருத்தியிருந்தார். ஒரு வாரம் அப்பா வீட்டில், ஒரு வாரம் சித்தப்பா வீட்டில் என்று அந்தப் பெட்டி இடம் மாறிக்கொண்டே இருக்கும். எங்கே இருந்தாலும் ஒன்றுதான். நடுவில் இருந்த சுவருக்குத் தடிப்பே கிடையாது.

பிறகு யார் எந்த நாட்டுக்கு என்று அரசாங்கக் கடதாசி வந்தது. அப்பா பேருக்கு இலங்கை, சித்தப்பா பேருக்கு இந்தியா. கூடப்பிறந்தவர்களை அப்படித்தான் பிரித்தார்கள். நான் அப்போது சின்னப் பிள்ளை. வீட்டில் யாரும் சத்தம் போட்டு அழுததாக ஞாபகம் இல்லை. ரேடியோவைப் பற்றிப் பேசியதுதான் ஞாபகம் இருக்கிறது.

"நீயே கொண்டு போடா," என்றார் அப்பா. "புது எடம். பேச்சுத் துணைக்கு ஆகும்."

சித்தப்பா சிரித்தார். "நீ ஒண்ணு அண்ணே. இந்தியா எம்மாம் பெரிய நாடு. அங்க வீட்டுக்கு வீடு ரேடியோ இருக்கும். நாம இத தலையில தூக்கிக்கிட்டுக் கப்பல்ல போய் எறங்குனா, காட்டு ஆளுக வந்துருக்குன்னு சிரிக்க மாட்டாங்களா?"

அம்மாவும் அதுதான் சரி என்றார். லயத்தில் எல்லோரும் அதுதான் சரி என்றார்கள். பெரிய நாடு என்றால் பெரிய வீடு, பெரிய வீடு என்றால் ரேடியோ. எங்களுக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான். சித்தப்பா குடும்பம் கம்பளி, டிரங்குப் பெட்டி, ஒரு மூட்டைத் தேயிலைத் தூள் எல்லாம் எடுத்துக்கொண்டு தலைமன்னார் ரயில் ஏறியது. ரேடியோ எங்கள் அலுமாரி மேலேயே இருந்துவிட்டது. பாதி எனக்கு, பாதி ஒனக்கு என்று சித்தப்பா சொல்லிவிட்டுப் போனார். அப்பா அதை ஒருநாளும் மறக்கவில்லை.

கோத்தகிரிப் பக்கம் ஒரு காலனியில் அவர்களை விட்டார்கள். அங்கேயும் தேயிலைதான், அங்கேயும் குளிர்தான். அந்தக் காலனி முழுக்கத் தேடினாலும் ஒரு ரேடியோ இல்லை. கீழே ரோட்டில் ஒரு டீக்கடையில்தான் ஒன்று இருந்ததாம். ஊர்க்காரர்கள் சித்தப்பாவைப் பார்த்து, "ஏங்க, சிலோன்ல லயத்து வீட்டுல கூட ரேடியோ இருக்குமாமே, நிசமா?" என்று கேட்டிருக்கிறார்கள். அந்தக் கடையில் பாடியதும் எங்கள் சிலோன் ஸ்டேஷன்தான். அதைக் கேட்பதற்காகச் சித்தப்பா தினமும் அங்கே போய் நிற்பார். சும்மா நிற்க முடியுமா? டீ வாங்க வேண்டும். "தேயிலக் காட்டுலயே பொறந்து வளந்தவன், அந்தக் கழுநித் தண்ணியக் காசு குடுத்துக் குடிச்சேன், எல்லாம் அந்த ரேடியோவால," என்று பின்னால் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

அப்படித்தான் அந்தப் போட்டி ஆரம்பித்தது. அங்கே எத்தனை, இங்கே எத்தனை. முதலில் கடிதத்தில், பிறகு போனில். நலமா என்று கேட்டு முடித்ததும் சித்தப்பா அடுத்ததாகக் கேட்பது இதுதான். "லயத்துல இப்ப எத்தன ரேடியோண்ணே?"

அப்பா கூசாமல் கூட்டிச் சொல்வார். மூன்று இருந்தால் ஆறு என்பார். "ஏம்பா பொய் சொல்றீங்க?" என்று ஒருதரம் கேட்டேன். "பொய்யில்ல தாயி. மிச்சம் மூணும் வர்ற வருசம் வந்துரும். இப்பவே சொல்லி வெச்சா என்ன?" என்றார். சித்தப்பா போனதிலிருந்து அப்பா ஜெயித்த காரியம் அது ஒன்றுதான். லயத்தில் தகரம் ஒழுகும், கக்கூஸ் தூரத்தில் இருக்கும், சம்பளம் எப்போதும் போதாது. ஆனாலும் ரேடியோ கணக்கில் நாங்கள்தான் மேலே.

அந்த ரேடியோவை நாங்கள் எப்போதும் சத்தமாகப் போட்டதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிரச்சினைக் காலத்தில் இந்தப் பக்கம் தமிழர் கடைகளையும் வீடுகளையும் எரித்தபோது தமிழில் சத்தம் வெளியே கேட்கக்கூடாது என்று அப்பா பயந்தார். துணியைப் போட்டு மூடி, அதற்குள் தலையை விட்டுச் செய்தி கேட்பார். பிரச்சினை அடங்கிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. திருகைக் கொஞ்சம் கூட்டினால் நானும் எழுந்து கதவைச் சாத்துவேன். வீட்டுக்குள்ளேயே கேட்டால் போதும் என்று வளர்ந்தவள் நான்.

காலம் போகப்போகச் சித்தப்பா பக்கம் கணக்கு ஏறியது. முதலில் அவர் ஒரு ரேடியோ வாங்கினார். பிறகு காலனியில் பாதி வீட்டில் வந்துவிட்டது என்றார். பிறகு வீட்டுக்கு வீடு. அதன் பிறகு ஒருநாள் போனில், "ரேடியோவெல்லாம் பரண்ல போட்டாச்சுண்ணே. கெவுர்மென்டே வீட்டுக்கு ஒரு டிவி குடுத்துருச்சு. கலரு," என்றார். அப்பா போனை மற்றக் காதுக்கு மாற்றினார். பிறகு, "டிவி வேற, ரேடியோ வேறடா. நீ ரேடியோ கணக்கச் சொல்லு," என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை.

அப்பா இறந்த பிறகு போனை எடுப்பது என் வேலையானது. சித்தப்பா அதே கேள்வியைக் கேட்டார். எங்கள் லயத்தில் அப்போது ஓடுகிற ரேடியோ எங்களுடையது ஒன்றுதான். நான் மூன்று என்றேன். அப்பா இல்லாத முதல் தடவையே ஒன்று என்று இறங்கிவர மனசு வரவில்லை. "நம்ம ரேடியோ?" என்றார். "இருக்குங்க சித்தப்பா. பாடுது," என்றேன். அன்றைக்கு அது உண்மை.

அப்புறம் ஒரு மழையில் அலுமாரிக்கு நேர் மேலே தகரம் ஒழுகியது. பெட்டிக்குள் தண்ணீர் போய், உள்ளே எல்லாம் துருப்பிடித்துப் பச்சை பூத்துவிட்டது. டவுனில் காட்டினோம். இதற்குச் சாமான் கிடைக்காது என்றார்கள். கொஞ்ச நாள் அது சும்மா இருந்தது. பிறகு பழைய இரும்பும் போத்தலும் எடுக்கிறவர் லயத்துக்கு வந்தபோது வீட்டுக்காரர் அதையும் தூக்கிப் போட்டார். பதிலுக்கு ஒரு பிளாஸ்டிக் பேசன் கிடைத்தது. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். சிவப்பா நீலமா என்று அந்த ஆள் கேட்டபோது நீலம் என்று சொன்னது நான்தான்.

அதற்குப் பிறகும் சித்தப்பா கேட்டார். அதற்குப் பிறகும் நான், "பாடுதுங்க சித்தப்பா" என்றேன்.

நாட்டில் பெட்ரோலும் காஸும் மாவும் இல்லாமல் போன அந்த வருஷம், இந்தியாவிலிருந்து வந்த அரிசியைத் தோட்டத்தில் கொடுத்தார்கள். வரிசையில் நின்று வாங்கினேன். அன்றைக்குச் சாயந்திரமே சித்தப்பா போன் எடுத்தார். "அரிசி வந்துச்சா தாயி? நல்ல அரிசியா?" என்று கேட்டார். அவர் பாசமாகத்தான் கேட்டார். எனக்குத்தான் உடம்பெல்லாம் கூசியது. என்ன சொல்வது என்று தெரியாமல், அவர் கேட்காமலேயே, "கரண்டு இல்லாட்டியும் நம்ம ரேடியோ இருக்கு, நியூஸ் கேக்குறோம்," என்றேன். அவருக்குச் சந்தோஷம். "அதான் பாரு. அதுதான் பழைய சாமான்," என்றார்.

போன வருஷம் அவர் இங்கே வருவதாகச் சொன்னார். பிறந்த லயத்தை ஒருதரம் பார்த்துவிட வேண்டுமாம். அவருடைய மகன், எனக்குத் தம்பி முறை, கூட்டிக்கொண்டு வருகிறான். இரண்டு இரவு தங்குவார்கள். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் சொன்னார், "அண்ணனத்தான் பாக்க முடியாது. அந்த ரேடியோவையாச்சும் ஒருவாட்டி தொட்டுப் பாக்கணும் தாயி."

போனை வைத்ததும் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் டவுனில் மரக்கறி லொறிகளுக்கு மூட்டை ஏற்றுகிறவர். எதையும் லேசாகப் பேசுவார். "போயிருச்சுன்னு சொல்லு. அதுக்கு என்ன, ஆளா செத்துப்போச்சு?" என்றார். அவர் சொன்னதுதான் சரி. ஆனால் இத்தனை வருஷமாகப் பாடுகிறது என்று சொன்ன பிறகு, வயதான மனுஷனின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன்? எனக்கு முகத்தைப் பார்த்து உண்மையும் வராது, பொய்யும் வராது.

டவுனில் நான் சட்டை தைக்கக் கொடுக்கும் தையல்கடையில் ஒரு பழைய ரேடியோ உண்டு. தவிட்டு நிறம், துணி ஒட்டிய வலை. பார்த்தால் எங்களுடையதைப் போலவே இருக்கும். தையல்காரர் வயதானவர். மெஷின் ஓடுகிற நேரமெல்லாம் அதுவும் ஓடும். மூன்று தரம் கடை வாசல் வரை போய்த் திரும்பினேன். நாலாவது தரம் அவரே, "என்னம்மா, அளவு குடுக்கவா, ஆள் பாக்கவா?" என்று கேட்டுவிட்டார். தலையைக் குனிந்துகொண்டே விஷயத்தைச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு, "கொண்டு போங்க. ஆனா சீக்கிரம் கொண்டாந்துருங்க. இது இல்லாட்டி கை ஓடாது," என்று ஒரு உரப்பையில் போட்டுத் தந்தார்.

வீட்டில் வந்து திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் முழுக்க வெள்ளைப் பெயின்ட். முன்னே ஒருதரம் யாரோ அதைத் திருடிக்கொண்டு போய், பிறகு திரும்பக் கிடைத்ததாம். அதனால் அவர் தையல்கடைப் பெயரைப் பெரிதாக எழுதி, அதற்குக் கீழே, "எடுத்தவர் தயவுசெய்து கொண்டுவந்து தரவும்" என்றும் எழுதி வைத்திருந்தார். மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். மற்றவர் சாமான் என்று விட்டுவிட்டேன். அலுமாரி மேலே, பின்பக்கம் சுவரோடு ஒட்டுகிற மாதிரி வைத்தேன். முன்னால் ஒரு பின்னல் துணி போட்டேன்.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் சாயந்திரம், பாடுகிறதா என்று பார்க்கப் போட்டேன். கதவைச் சாத்திவிட்டு, திருகைக் கொஞ்சமாகத் திருப்பினேன். எங்கள் ரேடியோ பேசனுக்குப் போனது லயத்துக்கே தெரியும். சத்தம் கேட்டால், "ஏது ரேடியோ, எங்க வாங்குனீங்க?" என்று வந்து நிற்பார்கள். நாளைக்குச் சித்தப்பாவுக்கு முன்னாலேயே கேட்டுவிட்டால் என்ன செய்வது? பாட்டு மெதுவாக வந்தது. பழைய பாட்டு. காதை ஒட்டி வைத்துக் கேட்டேன்.

அப்போது சுவரில் தட்டும் சத்தம். பக்கத்துக் காம்பராவில் ஒரு பெரியம்மா படுக்கையில் இருந்தார். சொந்தமில்லை, முறைக்குப் பெரியம்மா. பல மாதமாக எழும்பவில்லை. அவருடைய மகள் கொழுந்து எடுக்க மலைக்குப் போய்விட்டால் நான்தான் நடுவில் வந்து பார்த்துவிட்டுப் போவேன். லயத்தில் சுவரைத் தட்டினால் பல அர்த்தம் உண்டு. நெருப்புப் பெட்டி வேண்டும் என்றாலும் தட்டுவார்கள். பிள்ளை அழுகிறது, சத்தத்தைக் குறை என்றாலும் தட்டுவார்கள். சுகமில்லாத ஆள், தொந்தரவாக இருக்கிறது போல என்று நினைத்து உடனே குறைத்தேன். மறுபடி தட்டினார். அணைத்துவிட்டேன். மறுபடியும் தட்டினார். "நிப்பாட்டிட்டேன் பெரியம்மா," என்று சுவருக்குப் பக்கத்தில் வாயை வைத்துச் சொன்னேன். அதன் பிறகு சத்தம் இல்லை.

மறுநாள் மத்தியானம் சித்தப்பா வந்தார். வேன் ரோட்டிலேயே நின்றுவிட்டது. மகன் கையைப் பிடித்துக்கொண்டு படிகளில் இறங்கி வந்தார். தொப்பி, ஸ்வெட்டர், பெரிய கண்ணாடி. என் தலையில் கையை வைத்தார். முன் வாசல் இஸ்தோப்பில் நின்று லயத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். தம்பிதான், "என்னக்கா, அப்பா சொன்ன மாதிரியே அப்படியே இருக்கே," என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். அங்கே அவர்களுக்குக் கான்கிரீட் போட்ட தார்சு வீடு. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முகம் கழுவச் சுடுதண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். வைத்த பிறகுதான் பார்த்தேன், நீலப் பேசன். சித்தப்பா அதில் கையை விட்டுக்கொண்டு, "நல்ல பேசனா இருக்கே," என்றார். வீட்டுக்காரர் வெளியே போய்விட்டார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

உள்ளே வந்தார். அலுமாரியைப் பார்த்தார். கிட்டே போய்ப் பின்னல் துணியை ஒதுக்கிவிட்டு, ரேடியோவின் மேலே உள்ளங்கையை வைத்தார். பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பது போல வைத்தார்.

"திருகு மாத்திட்டீங்களா?"

"ஆமாங்க சித்தப்பா," என்றேன். அதுதான் அவர் முகத்துக்கு நேராக நான் சொன்ன ஒரே பொய்.

"பசைப் போத்தல் மூடிய என்ன செஞ்சீங்க?" என்றார். நான் தட்டை எடுக்கத் திரும்பினேன். அவரே, "சரி, சாப்புட்டுட்டுப் போடுவோம். நம்ம ஸ்டேஷன் வருதான்னு பாப்போம்," என்றார்.

ரொட்டியும் கோழியும் வைத்தேன். அந்த ரேடியோவைப் போட்டால் அவருக்குத் தெரிந்துவிடும். சின்ன வயதில் இரவும் பகலும் காதோடு வைத்துக் கேட்ட மனுஷன். அதன் குரல் தெரியாமலா இருக்கும்? போட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குத்தான் பயந்தேன். சாமி, எப்படியாவது இதைப் போடாமல் செய்துவிடு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே குழம்பு ஊற்றினேன்.

அவர் கை கழுவிவிட்டு அலுமாரிப் பக்கம் திரும்பினார். பக்கத்துக் காம்பராவில் மகள் குரல் எடுத்து அழுதாள். பெரியம்மா போய்விட்டார்.

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. இனி ரேடியோ போட முடியாது. அதுதான் முதலில் வந்தது. அந்த அம்மா எனக்கு எத்தனையோ தடவை சோறு போட்டவர். என் பிள்ளைப்பேற்றுக்குத் துணைக்கு இருந்தவர். அவர் செத்த செய்தியில் எனக்கு நிம்மதி வந்தது. இதை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் லயத்தில் ஒரு சாவு விழுந்தால் கருமாதி முடியும் வரை எந்த வீட்டிலும் ரேடியோ பாடாது. மறந்துபோய் யாராவது திருகிவிடக்கூடாது என்று ரேடியோவைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைப்பார்கள். கருமாதி முடிந்த மறுநாள் சாவு வீட்டுக்காரர்களே வீடு வீடாக வந்து, "இனி ரேடியோவப் போடுங்க" என்று சொல்ல வேண்டும். அவர்கள் சொன்ன பிறகுதான் போடலாம். இது பழைய வழக்கம். இப்போது யாரும் ரேடியோவே வைத்திருக்கவில்லை. டிவியின் சத்தத்தைக் குறைப்பார்கள், அவ்வளவுதான். போனை யாரும் திருப்பி வைப்பதில்லை. எனக்கே அந்த வழக்கம் மறந்துவிட்டிருந்தது.

சித்தப்பாவுக்கு மறக்கவில்லை. இங்கிருந்து போன அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே வைத்திருந்தார். அழுகைச் சத்தம் கேட்டதும் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். பிறகு இரண்டு கையாலும் ரேடியோவைப் பிடித்து, மெதுவாகச் சுவரைப் பார்க்கத் திருப்பினார்.

வெள்ளைப் பெயின்ட் எழுத்து எங்கள் எல்லோரையும் பார்த்தது.

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். கண் ஆபரேசன் செய்த பிறகு எறும்பு போவது கூடத் தெரிகிறது என்று வரும்போதுதான் சொல்லியிருந்தார். இரண்டு வரியையும் வாசித்தார். தம்பியும் வாசித்தான். வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பயந்த அந்தப் பார்வை வரவே இல்லை. பின்னல் துணியை எடுத்து மடித்து அலுமாரி ஓரத்தில் வைத்துவிட்டு, "வாங்க, சாவு வீட்டுக்குப் போவோம்," என்று வெளியே நடந்தார்.

அந்த இரண்டு நாளும் அது அப்படியே இருந்தது. சாவு வீட்டுக்குப் பக்கத்தில் ரேடியோவை முன்னால் திருப்பி வைக்க முடியாது. துணி போட்டு மூடலாம் என்றால், அதை அவர் பார்க்க நான் எப்படி மூடுவது? தப்பு அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சொந்தக்காரர்கள் எங்கள் காம்பராவுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். வந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். "எடுத்தவர் தயவுசெய்து கொண்டுவந்து தரவும்." ஒரு ஆள் சத்தமாகவே வாசித்துவிட்டு, "யாரு எடுத்தாங்களாம்?" என்று கேட்டார். சித்தப்பா அந்த எழுத்துக்குக் கீழேதான் பாய் போட்டுப் படுத்தார். பெரியம்மாவின் பாடையைத் தூக்கினபோது அந்த வயதிலும் கொஞ்ச தூரம் தோள் கொடுத்தார்.

புறப்படும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இப்போது கேட்பார் என்று நினைத்தேன். "அந்தத் தையக்காரருக்குச் சீக்கிரம் கொண்டு போய்க் குடுத்துரு தாயி. பாட்டு இல்லாம அவரு எப்புடித் தைப்பாரு," என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நான் அழுதிருப்பேன், அழுது முடித்துமிருப்பேன்.

வேன் போன அன்றைக்கே ரேடியோவைக் கொண்டு போய்க் கொடுத்தேன். தையல்காரர், "என்னம்மா, சித்தப்பா ஏமாந்தாரா?" என்று கேட்டார். "நல்லாப் பாடுச்சுங்க," என்று சொல்லிவிட்டு வந்தேன். பழகிவிட்டால் பொய் தானாக வருகிறது.

கருமாதி முடிந்த மறுநாள் காலையில் பெரியம்மாவின் மகள் எங்கள் இஸ்தோப்பில் வந்து நின்றாள். என்னைவிட இளையவள். கொழுந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகிற வழியில் வந்திருந்தாள்.

"அக்கா, இனி ரேடியோவப் போடுங்க," என்றாள்.

லயத்தில் வேறு யார் வீட்டுக்கும் அவள் போகவில்லை. வேறு யார் வீட்டிலும் ரேடியோ இல்லை. நான் என்ன சொல்வேன்? "திருப்பிக் குடுத்தாச்சு தங்கச்சி," என்றேன்.

"அப்புடியா," என்றாள். அவள் முகம் விழுந்தது. "அம்மாவுக்காகவாச்சும் ஒரு பாட்டு போடுவீங்கன்னு வந்தேன். போறதுக்கு முந்துன நாளு சாயந்திரம் ஒங்க வீட்டுல பாட்டுச் சத்தம் கேட்டுச்சாம். நான் மலையில இருந்து வந்ததும், 'அக்கா வீட்டு ரேடியோ மறுபடி பாடுதுடி'ன்னு சொல்லுச்சு. கூட்டி வையிங்கன்னு சொவரத் தட்டித் தட்டிப் பாத்துச்சாம். ஒங்களுக்குக் கேக்கல போல."

கேட்டது என்று நான் சொல்லவில்லை. அவளுக்கு நேரமாகிவிட்டது. போய்விட்டாள்.

நான் உள்ளே வந்து அந்தச் சுவருக்குப் பக்கத்தில் நின்றேன். மூன்று தடவை தட்டினார். முதல் தட்டுக்கு நான் குறைத்தேன். இரண்டாவதுக்கு அணைத்தேன். மூன்றாவதுக்கு, நிப்பாட்டிட்டேன் என்று ஏதோ உதவி செய்தவள் போலச் சொன்னேன். கூட்டி வை என்பதற்காக ஒருவர் சுவரைத் தட்டுவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சத்தத்தைக் கூட்டச் சொல்லி எங்கள் வீட்டில் யாரும் ஒருநாளும் கேட்டதில்லை.

அதன் பிறகு சித்தப்பா இரண்டு மூன்று தரம் போன் எடுத்தார். மழை, பிள்ளைகள், முட்டிவலி எல்லாம் பேசினார். ரேடியோ கணக்கு மட்டும் கேட்கவில்லை. பேசி முடித்து, "சரி தாயி" என்பதற்கு முன்னால் கொஞ்சம் நிறுத்துவார். எப்போதும் அந்த இடத்தில்தான் கேட்பார். இப்போது அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. அது எனக்குத் திட்டியதைவிடக் கஷ்டமாக இருந்தது. பல வருஷமாக அவரும் அப்பாவும் விளையாடிய விளையாட்டு. என்னால்தான் நின்றுபோனது.

போன வாரம் அந்த இடம் வந்தபோது நானே சொன்னேன். "சித்தப்பா, லயத்துல ரேடியோ ஒண்ணு கூட இல்லைங்க. நம்மளதும் இல்ல. அது போயிப் பல வருசமாச்சு."

லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன்.

"இல்லையா," என்றார். பிறகு மூக்கை உறிஞ்சினார். சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. "அண்ணன் இருந்தா ஆறுன்னு சொல்லியிருக்கும்."